இடது காலை முன்னால் வைத்தவள்

டெக்சாஸ் வெயிலில் ஓடுபாதையின் ரப்பர் இளகிப்போகும். நடக்கும்போது ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணிகள் அதில் பதிந்து பதிந்து வரும். சுட்ட டயர் வாசனை, யாரோ பூசிக்கொண்ட சன்ஸ்கிரீன் வாசனை, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஃபரீதா சாச்சி திறந்து வைத்திருந்த சமோசா டப்பாவின் வாசனை. இந்த மூன்றும் கலந்து அடித்தால் இன்றைக்கும் நான் அந்த ஓடுபாதையில் போய் நின்றுவிடுவேன்.

ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜரீனா என்பதை எப்படியோ சமாளித்த அறிவிப்பாளர், அடுத்து என் வாப்பா பெயர் வந்ததும் இருமினார். ‘கிரேட் பிரிட்டன்’ என்று சொல்லி முடித்துக்கொண்டார். பார்வையாளர் வரிசையில் இருந்த சிலர் தலையைத் திருப்பி பிரிட்டன் பெண்ணைத் தேடினார்கள். என்னைத் தாண்டியும் தேடினார்கள். பரவாயில்லை, பழகிப்போன விஷயம்.

கையை உயர்த்தினேன். பிஸ்மி சொன்னேன். கிளம்பினேன்.

ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. காதில் காற்று, தோளில் வெயில், எதிரே மிதித்து எழும்ப வேண்டிய வெள்ளைப் பலகை. பலகையை நெருங்கியபோதுதான் வரக்கூடாத கால் வருகிறது என்று தெரிந்தது. நான் வலது காலில் எழும்ப வேண்டியவள். பலகை மேல் இறங்க வந்துகொண்டிருந்ததோ இடது கால். கணுக்காலுக்குள் தகடும் திருகாணியும் வைத்துத் தைத்த இடது கால்.

நான் யோசிக்கவில்லை, என் உடம்பு யோசித்தது. கை இரண்டும் தொங்கிப்போய், குதிக்காமல் அப்படியே மணலுக்குள் ஓடி நின்றேன். செல்லாது என்று சிவப்புக் கொடி ஏறியது.

நீளம் தாண்டுதலில் முதல் சுற்றுக்கு மூன்று வாய்ப்புதான் தருவார்கள். அதில் ஒன்று போயிற்று. எனக்கு அந்த சீசனின் கடைசிப் போட்டி அது. பிரிட்டன் அணிக்கென்று ஒரு தகுதித் தூரம் வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அதைத் தாண்டவில்லை என்றால் அணிக்கு நான் பழைய போட்டோவில் இருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான்.

டாக்டரும் குழந்தையும்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையில் பிறந்தவள் நான். நான்காம் வகுப்பு முடித்த கையோடு வாப்பா எங்களை லண்டனுக்குக் கூட்டிப்போனார். அங்கே பள்ளிக்கூடத்து மழைத்தண்ணீர்ப் பள்ளத்தை நனையாமல் தாண்டிய ஒரே பிள்ளை நான்தான் என்பதால் என்னை மணல் குழிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். தாண்டினேன். தாண்டிக்கொண்டே இருந்தேன். அந்த நாட்டுக் கொடி போட்ட பனியன் வரைக்கும் தாண்டினேன். எல்லாமே இடது காலில். எழும்புகிற கால் என்று ஒருவருக்கு ஒன்றுதான் இருக்கும், எழுதுகிற கை மாதிரி.

அந்த இடது கால் ஒரு குளிர்காலத்தில், கூரை போட்ட அரங்கில், பலகையின் மேலேயே முறிந்தது. சத்தம் எனக்குக் கேட்கும் முன்னால் முதல் வரிசைக்காரர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு அம்மாள் தன் காதைப் பொத்திக்கொண்டதை விழுந்தபடியே பார்த்தேன்.

அறுவை முடிந்து பல மாதம் கழித்து டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனிதர்தான். நீ நடக்கலாம், மெதுவாக ஓடலாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றார். குழந்தைக்கும் கணுக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்க்கத் தொடங்கினார்.

அதற்கு அடுத்த வாரம் பிரிட்டன் அணியின் தேர்வுக்குழுப் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். பெரியவர் என்றால் வயதில் இல்லை, பேச்சில். டீ வரவழைத்தார், பிஸ்கட் வரவழைத்தார். டீயோடு பிஸ்கட்டும் வந்தால் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்று அந்த நாட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும். ‘நீ இந்த நாட்டுக்கு நிறையச் செய்துவிட்டாய். இனி சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே’ என்றார்.

எனக்கு இன்னொரு கால் இருக்கிறது என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த நிலைமையிலும் ஜோக் அடிக்கிறாளே, என்ன மனத்தைரியம் என்று நினைத்திருப்பார். நான் ஜோக் அடிக்கவில்லை. பிஸ்கட்டையும் நான் தொடவில்லை.

நிலைவாசலில் ஒரு கை

லண்டனில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். தெரிந்தவர்கள் பார்க்கும்போது விழுந்து விழுந்து கற்றுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் முதுகலைக்கு இடம் கேட்டேன், கிடைத்தது. உம்மாவின் தங்கை ஃபரீதா சாச்சி டெக்சாஸில் இர்விங் என்ற ஊரில் இருந்தார். கல்லூரி அங்கிருந்து ஒரு மணி நேர டிரைவ். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, எனக்கு வருடம் சரியாக நிற்காது. வெயில் மட்டும் நிற்கிறது.

சாச்சி குடியிருந்த அபார்ட்மென்ட்டில் பாதி வீடு நம்மவர்கள். புதிதாக வந்து இறங்கியவர்கள் எல்லாம் முதலில் அங்கேதான் பாய் விரிப்பார்கள். சாயங்காலமானால் ஒரு ஜன்னலில் சாம்பார் கொதிக்கும், இன்னொன்றில் மீன் பொரியும். சாச்சியின் வீட்டுக்காரர், என் சாச்சாவுக்குப் பக்கத்திலேயே லாஸ் கோலினாஸில் ஆபீஸ். வாரநாளில் கழுத்தில் பேட்ஜ் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

பெட்டியோடு நான் போய் நின்ற அன்று சாச்சி கதவைத் திறந்தார். கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தால் கையைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்தினார். “வலது கால வச்சு வா, புள்ள.”

எங்கள் குடும்பத்தில் பல் முளைக்கும் முன்பே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. வீட்டுக்குள் வலது கால், பள்ளிவாசலுக்குள் வலது கால், புதுச் செருப்புக்குள் வலது கால். பாத்ரூமுக்கு மட்டும் இடது. பரீட்சை ஹாலுக்குள் நான் வலது காலை வைத்து நுழைகிறேனா என்று உம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததுண்டு. கிண்டல் செய்வேனே தவிர இன்றைக்கு வரைக்கும் எனக்கும் வேறு மாதிரி நுழையத் தெரியாது.

அன்றும் வலது காலை வைத்துத்தான் சாச்சி வீட்டுக்குள் போனேன்.

சூரியகாந்தி விதை

கல்லூரியின் தாண்டுதல் கோச் பெயர் டார்லீன். என்னைவிடச் சில வயது மூத்தவள். அவளும் ஒரு காலத்தில் தாண்டியவள்தான். எந்நேரமும் சூரியகாந்தி விதையை மென்று தொலியைத் துப்பிக்கொண்டிருப்பாள். அவள் நின்ற இடத்தைத் தொலியை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

நான் காலை மாற்றப் போகிறேன் என்றதும் ஒரு தொலியைத் துப்பினாள். இந்த வயதிலா என்று கேட்டாள். எழுதுகிற கையை மாற்றுகிற மாதிரி இது, நடக்காது என்றாள். அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, இடது கையால் அவள் அட்டையில் என் பெயரைக் கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறிய மாதிரி இருந்தது. ‘கேவலமாக இருக்கிறது’ என்றாள். அடுத்த வருடம் வந்து பார் என்றேன்.

அவளுக்கு என் திட்டம் பிடிக்கவில்லை, என் வாய் பிடித்துவிட்டது. சரி, காலை ஆறு மணிக்கு வா என்றாள்.

வலது கால் சுத்த மக்கு. ஓடச் சொன்னால் ஓடும், நிற்கச் சொன்னால் நிற்கும். எழும்பு என்றால் மட்டும் என்னிடமா சொன்னாய் என்று கேட்கும். முதல் மாதம் முழுக்க மணலில் முகம் குத்தி விழுந்தேன். கல்லூரிக்குப் புதிதாக வந்த பெண்கள் குழிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி ஓடுவேன். தலைமுடியில் மணல், காதில் மணல், சாச்சி வீட்டுத் தலையணை உறையில் மணல்.

வீட்டில் பல் தேய்க்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வலது காலில் மட்டும் நிற்பேன். சாச்சிக்கு அது தாங்காது. ‘கொக்கு மாதிரி நிக்காதடி, பாக்குறவங்களுக்குக் கால் வலிக்குது’ என்பார். சாச்சா ஒரு நாள் தானும் முயன்று பார்த்து ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டார்.

எழும்புவதைவிடக் கஷ்டம் கிளம்புவது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது முக்கியம். என் ஓட்டத்தில் அடிகள் இரட்டைப்படை. வலது காலில் கிளம்பினால் பலகையில் இடது கால் வந்து விழும். இத்தனை காலமும் அப்படித்தான் ஓடினேன். இனி பலகையில் வலது விழ வேண்டுமென்றால் இடது காலில் கிளம்ப வேண்டும். ஓர் அடியைக் கூட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், செய்தும் பார்த்தோம். வேகம் குலைந்து, பலகைக்கு முன்னால் வந்து தடுமாறினேன். எனவே இடது கால்தான்.

உலகத்தில் எங்கே நுழைந்தாலும் வலதை வைத்தே பழகிய உடம்பு. டார்லீன் தொண்டை கிழியக் கத்துவாள். ‘இடது, ஜரீனா, இடது.’ என் இடது ஷூவில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டாள். குழியின் ஓரத்தில் தகுதித் தூரத்துக்கு நேராக ஒரு ரோஸ் துண்டை விரித்து வைத்தாள். முதலில் அந்தத் துண்டு அடுத்த ஊரில் இருக்கிற மாதிரி தெரிந்தது. மாதங்கள் போகப் போகக் கிட்டே வந்தது. ஒரு நாள் என் கால் கிளப்பிய மணல் அதன் மேல் தெறித்தது. அன்றைக்கு டார்லீன் விதை மெல்வதை நிறுத்தினாள்.

அங்கிளுக்கு ஒரு கேள்வி

மெல்லச் சேதி பரவிவிட்டது. ஃபரீதா அக்கா வீட்டில் லண்டன் பெண் ஒன்று இருக்கிறது, மணலில் குதிக்கிறதாம். ஒரு பெருநாள் விருந்தில் ரவுண்ட் ராக் என்ற ஊரிலிருந்து வந்திருந்த அங்கிள் ஒருவர் பிரியாணித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். அக்கறையாகத்தான் ஆரம்பித்தார். நல்லாப் படிக்கிற பெண், ஒரு வேலைக்கு அப்ளை பண்ணினால் க்ரீன் கார்டு வரைக்கும் போகலாம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“குதிச்சு என்னம்மா ஆகப் போவுது?”

“நீங்க தினமும் ஃப்ரீவேல அவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்களே அங்கிள், அதுல என்ன ஆகுது?” என்றேன்.

சாச்சி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். திரும்பி வரும்போது காரில் சாச்சி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சாச்சாதான் இரண்டு எக்ஸிட் தாண்டிய பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். சாச்சியின் கோபம் அங்கிளுக்காக இல்லை. கை தெரிய, முழங்கால் தெரிய நாலு பேர் முன்னால் குதிக்கிறேன் என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லிக்காட்டியதில்லை. பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டால் மட்டும் அன்றைக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

அந்த வருடங்களில் எங்கள் பெயர் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் விமானம் ஏறுவதும் ஒரு விளையாட்டுதான். என் பையில் ஆணி வைத்த செருப்பு வேறு. ஒரு தடவை ஒரு காவல் அதிகாரி ஸ்பைக்ஸை விரல் நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீளம் தாண்டுகிறவள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். இந்த மேசையை நகர்த்துங்கள், குதித்துக் காட்டுகிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விமானம் என்னை விட்டுவிட்டுப் போனது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், முடியாது என்று சொல்ல எல்லோருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. டாக்டருக்கு எக்ஸ்ரே, பெரியவருக்கு என் வயது, அங்கிளுக்கு க்ரீன் கார்டு, அதிகாரிக்கு என் பெயர். அத்தனை பேருக்கும் பதில் சொல்ல என்னிடம் இருந்தது ஒரு மக்கு வலது கால்.

வேலியருகே

அந்தக் கடைசிப் போட்டிக்கு சாச்சி வருகிறேன் என்று தானாகவே சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடும் என்று பயம். விடியலிலேயே எழுந்து சமோசா பொரித்தார். மைதானத்துக்கு வெளியே வண்டி நின்றதும் பின் சீட்டிலிருந்து என் தோளைத் தட்டினார்.

“வலது கால வச்சு இறங்கு. உள்ள போறப்பவும் வலது கால். என்ன?”

சரி சாச்சி என்றேன். வாயளவில் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

முதல் வாய்ப்பு எப்படிப் போனது என்று முன்பே சொல்லிவிட்டேன். பலகைக்குப் பக்கத்தில் நின்ற டார்லீன், நடுவழியில் எங்கோ ஓர் அடி குழறியிருக்கிறது என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். கிளம்பும் இடத்தைக் காட்ட ஓடுபாதை ஓரத்தில் டேப் ஒட்டியிருப்போம். அதை ஒரு சாண் பின்னால் தள்ளி வை என்றாள். தள்ளி வைத்தேன்.

இரண்டாவது வாய்ப்பு இன்னும் மோசம். பாதி தூரத்திலேயே உடம்பு குழம்பிவிட்டது. மறுபடியும் இடது கால் வரப்போகிறது என்று தெரிந்து, கடைசி அடிகளை நறுக்கி நறுக்கி வைத்து, பலகைக்கு ரொம்ப முன்னாலேயே வலது காலில் எழும்பினேன். வெள்ளைக் கொடிதான். ஆனால் அந்தத் தூரத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாண்டுவார்கள். அறிவிப்பாளர் அதை அறிவிக்கும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார், பாவம்.

மிச்சம் ஒன்று.

தண்ணீர் குடிக்க வேலிப் பக்கம் போனேன். கண்ணில் வியர்வையா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் டாக்டர் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. மக்குக் காலை நம்பி ஊர்விட்டு ஊர் வந்திருக்கிறோமே என்று தோன்றியது. சாச்சி பாட்டிலை வேலிக் கம்பிக்கு மேலாக நீட்டினார். அவர் முகத்தில் ஒரு பூரிப்பு.

“கவலப்படாத புள்ள. ரெண்டு தடவையும் பாத்தேன். கரெக்டா வலது காலத்தான் முன்னாடி வச்சே. அல்லா கைவிட மாட்டான்.”

பாட்டிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன்.

“என்ன கால் சாச்சி?”

“வலது கால்டி. காலைல சொன்னேன்ல, மறக்காம வச்சே. அதத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்.”

டார்லீன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி பிடித்தவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிய நானும் பலகையைத்தான் பார்த்தேன். நான் கிளம்பியதைப் பார்த்தது அந்த மைதானத்தில் சாச்சி ஒருவர்தான். அவருக்கு இந்த விளையாட்டில் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான். இத்தனை மாதப் பயிற்சி, சிவப்பு டேப், டார்லீனின் தொண்டை எல்லாம் ஒரு பக்கம். பதற்றம் வந்ததும் என் உடம்பு உம்மா பிள்ளையாகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாச்சி மேல் பாதி, என் மேல் பாதி. அவரிடம்தான் கொட்டினேன்.

“அடுத்த தடவ இடது காலத்தான் முன்னாடி வைக்கப் போறேன், சாச்சி. பாக்குறதுன்னா பாருங்க. இல்லேன்னா கண்ண மூடிக்கோங்க.”

சாச்சி முகம் சுருங்கியது. “இடது காலா? பாத்ரூமுக்கா போறே?”

பக்கத்தில் சாச்சா சமோசாவைக் கடித்தபடி புரையேறினார். சாச்சி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

நான் திரும்பிக் கையை நீட்டினேன். “அந்த வெள்ளப் பலக தெரியுதா? அதுதான் என் வாசப்படி. அங்க வலது கால வச்சுத்தான் நொழைவேன். அதுக்கு முன்னாடி இருக்கறது வெறும் ரோடு. ரோட்ல எந்தக் கால முன்னாடி வச்சேன்னு யாரு கேட்டா?”

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. சண்டையில் வாயில் வந்தது. வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சாச்சி பலகையைப் பார்த்தார். என் இரண்டு காலையும் பார்த்தார். மனசுக்குள் நிலைவாசலில் என்னை நிறுத்திப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“அங்க வலதுதான?”

“வலதுதான்.”

“அப்ப சரி, போ. பிஸ்மி சொல்ல மறக்காத.”

வாசப்படி

டேப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன். டார்லீன் அங்கிருந்து கையை ஆட்டிக் கத்தினாள். தப்பான காலில் கிளம்பினேன் என்று சைகையில் சொன்னேன். அவள் விதை டப்பாவைத் தரையில் வீசினாள். வீசிய வேகத்தில் எல்லாம் கொட்டிப்போனது.

டெக்சாஸ் காற்றை நம்ப முடியாது. முதுகில் அளவுக்கு மேல் தள்ளினால் எவ்வளவு தூரம் தாண்டினாலும் கணக்கில் வராது. காற்றின் வேகம் காட்டக் கட்டிய துணி விறைத்து நின்றது. நின்றேன். துணி தளர்ந்தது. குனிந்து என் இடது ஷூவைப் பார்த்தேன். டேப் என்றோ உரிந்துபோய் அதன் பசை மட்டும் அழுக்காக ஒட்டியிருந்தது.

பிஸ்மி சொன்னேன். இடது காலை வைத்தேன்.

மனசு ஒரு நொடி கூசியது, பொய் சொல்ல மாட்டேன். அதற்குள் கால்கள் ஓடிவிட்டன. இப்போது நான் ஓடியது ரோடு. இர்விங் ரோடு, கீழக்கரை ரோடு, லண்டனில் மழை தேங்கிய ரோடு, எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே என் வாசல். அங்கே எந்தக் கால் என்று என் உடம்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பல் முளைக்கும் முன்பே தெரியும்.

வலது கால் பலகையில் இறங்கியது. மக்கு எழும்பியது.

மணலில் விழுந்து, முன்பக்கமாகப் புரண்டு எழுந்தேன். முதலில் பார்த்தது பலகையைத்தான். கோட்டைத் தாண்டிக் கால் பட்டால் அமுங்கிக் காட்டிக்கொடுக்க, பலகை ஓரத்தில் களிமண் மாதிரி ஒரு பட்டை வைத்திருப்பார்கள். அதில் ஒரு கீறல் இல்லை. வெள்ளைக் கொடி. காற்று கணக்குக்குள். அளக்கிறவர் இரும்பு டேப்பை இழுத்தார், குனிந்து பார்த்தார், மறுபடி பார்த்தார்.

அறிவிப்பாளர் அடியிலும் அங்குலத்திலும் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கு இன்றைக்கும் வராது. சாச்சா பாக்கெட்டிலிருந்து ஆபீஸ் பேனாவை எடுத்து உள்ளங்கையில் மீட்டராக மாற்றிக்கொண்டிருந்தார். அவர் போட்டு முடிப்பதற்குள் டார்லீன் மணலுக்குள் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டாள். ரோஸ் துண்டைத் தாண்டிவிட்டாய், தாண்டிவிட்டாய் என்று என் காதுக்குள் கத்தினாள். அவள் வாயிலிருந்த விதைத் தொலி என் கழுத்தில் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை.

அழுதேன். நன்றாகச் சத்தம் போட்டு அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கம் சாச்சி, தெரியாதவர்களுக்கெல்லாம் சமோசா கொடுத்துக்கொண்டிருந்தார். மை சிஸ்டர்ஸ் டாட்டர், மை சிஸ்டர்ஸ் டாட்டர் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். முழங்கால் தெரிவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கண்கூடப் பேசவில்லை.

லண்டனிலிருந்து

மறுநாள் காலை சாச்சி இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பெரியவர்தான். பின்னால் டீக் கோப்பைச் சத்தம் கேட்டது. பிஸ்கட்டும் இருந்திருக்கும்.

வாழ்த்துச் சொன்னார். பிரமாதம் என்றார். நம்பவே முடியவில்லை என்று பல தடவை சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை உண்மை என்று எனக்குப் பட்டது. அப்புறம் இழுத்தார். அமெரிக்கக் காற்று, அமெரிக்க வெயில், ஒரே ஒரு தாண்டல், அதுவும் பழக்கமில்லாத காலில். குழுவில் சிலருக்குச் சந்தேகம் இருக்கிறது. எனவே லண்டனுக்கு வந்து எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை தாண்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

முன்பு ஒரு நாள் அவர் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. போனைப் பிடித்துக்கொண்டு நான் ஒற்றைக் காலில் நின்றிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன்.

“தாராளமா வர்றேன்,” என்று அவர் மொழியில் சொன்னேன். “எந்தக் கால்ல தாண்டட்டும்?”

 அந்தப் பக்கம் கோப்பையை வைக்கும் ஒலி கேட்டது.

சாச்சி இடியாப்ப உரலிலிருந்து கையை எடுக்காமல், என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“வலதுன்னு சொல்லுடி.”